தனபாக்கியம் அம்மாளின் தேடல் சீட்டு

போன மாதம் ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு மணி அடித்து டிபன் பாக்ஸைத் திறந்த நேரத்தில் எனக்கு ஆபீஸ் போனில் அழைப்பு என்றார்கள். பேசியவர் தனபாக்கியம் அவர்களின் தம்பி. "அக்கா காலையில தவறிட்டாங்க சார். அவங்க நோட்டுல உங்க நம்பர் இருந்துச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு திருமழபாடியில எடுக்குறோம்" என்றார். சரிங்க என்று மட்டும் சொன்னேன். டிபன் பாக்ஸை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

நம் ஆலைப் பணியாளர் மன்ற மலரில் ஒரு நூலகருக்கு எதற்கு அஞ்சலி என்று சிலர் கேட்கலாம். பழைய சுண்ணாம்புக்கல் குழியைச் சுற்றி இருக்கும் பூங்காவில் சாயங்காலம் காற்று வாங்குகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அந்த நிழலில் அவருக்குப் பங்கு உண்டு. அவர் பெயர் கெட்டதிலோ முழுப் பங்கும் என்னுடையது.

தனபாக்கியம் அவர்கள் கொள்ளிடக் கரையில் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் குடும்பத்தில் பள்ளி இறுதி தாண்டிய முதல் ஆள். நூலகப் பயிற்சி முடித்து, எழுபதுகளின் நடுவில் அரியலூர்ப் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். வாடகைக் கட்டடம், நான்கு அலமாரி, இரண்டு பெஞ்சு. வெள்ளிக்கிழமை விடுமுறை. பக்கத்தின் ஓரத்தை யாராவது மடித்தால் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகு அந்த ஆள் ஆயுளுக்கும் மடிக்க மாட்டார்.

நான் அப்போது ஆலையில் டிராப்ட்ஸ்மேன். வேலை நிரந்தரமாகாத காலம். கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குழியைச் சுற்றிப் பூங்கா அமைக்க நிர்வாகம் முடிவெடுத்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இதற்கு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் என்று ஒரு படிப்பே இருக்கிறது, நாலு புத்தகத்தைப் பார்த்து வரைபடம் போடு, ஒழுங்காக வந்தால் உன் பெர்மனென்ட் பற்றிப் பேசலாம் என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் சாக்கடையும் குவார்ட்டர்ஸும் வரைவது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன்.

தோட்டம் போடுவது பற்றிப் புத்தகம் வேண்டும் என்று கேட்டேன். வேளாண்மை அலமாரியிலிருந்து கத்தரி சாகுபடி, மல்லிகை சாகுபடி என்று எடுத்துக் கொடுத்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. நான் என்ன மல்லிகை விற்கவா வந்திருக்கிறேன் என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மாறவில்லை.

"செடி வளக்கணுமா சார், இல்ல இடத்த அமைக்கணுமா?" என்று கேட்டார்.

இடத்தை அமைக்கவேண்டும் என்றேன்.

"அப்ப நாம தப்பான அலமாரிக்கு முன்னால நிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அன்றுதான் அவருடைய தேடல் சீட்டை முதலில் பார்த்தேன். பழைய படிவங்களின் பின்பக்கத்தில் கோடு போட்டு அவரே தயாரித்தது. கேட்டவர், கேட்ட பொருள், தேடிய இடம், கிடைத்தது, கிடைக்காதது, வாசகரிடம் தெரிவித்தது. கடைசியில் வாசகரின் கையெழுத்து. மேலிடத்தில் இப்படி ஒரு சீட்டு கேட்டதே கிடையாது. கிடைக்காத இடத்தையும் எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். அடுத்து வருகிறவர் அதே இடத்தில் திரும்பத் தேடி நாளை வீணாக்கக்கூடாது என்றார்.

நான் ஒரே பெயரில் கேட்ட பொருளை அவர் நான்காகப் பிரித்தார். மண், தண்ணீர், மரம், பாதை. மண்ணுக்கும் தண்ணீருக்கும் பொறியியல் நூல்கள், மரத்துக்குக் காட்டியல், பாதைக்கும் இருக்கைக்கும் கட்டடக்கலையும் நுண்கலையும். அவரிடம் இருந்த நான்கு அலமாரியில் இதெல்லாம் ஏது? திருச்சி மைய நூலகத்துக்கும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் கார்டு எழுதினார். இரண்டு புத்தகம் வந்ததும் என்னைக் கடைசிப் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். "பின்னாலேர்ந்து படிங்க சார். இவரு யாரு யாரு கிட்ட கேட்டு எழுதினாருன்னு அங்கதான் இருக்கும்" என்றார். அந்தப் பட்டியலிலிருந்து அடுத்த கார்டு போகும். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. நடுவில் நான் பொறுமை இழந்து சத்தம் போட்ட நாட்களும் உண்டு. அவர் தேதி முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

கடைசியில் சென்னையிலிருந்து ஒரு பெரிய வெளிநாட்டுப் புத்தகம் தபாலில் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் படம். அதில் சுண்ணாம்பு நிலத்துக்கு ஏற்ற மரங்கள் என்று ஓர் அட்டவணையே இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நம் குழியும் சுண்ணாம்புதானே! அவர் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். இது பனி பெய்கிற ஊரில் எழுதியது, வரைபட முறையை எடுத்துக்கொள்ளுங்கள், மரத்தை மட்டும் வனத்துறையில் கேட்டுவிட்டு வையுங்கள் என்றார். அதையே சீட்டிலும் எழுதி என் பக்கம் நகர்த்தினார். நான் படித்தேன். சிரித்தேன். கையெழுத்தும் போட்டேன். வனத்துறைக்குப் போகவில்லை. புத்தகத்தில் அச்சடித்திருப்பதைவிட ரேஞ்சர் ஆபீஸில் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்ற திமிர்.

அட்டவணையில் இருந்ததற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் கன்றுகளை மலைப்பக்கத்து நர்சரியிலிருந்து லாரியில் இறக்கினேன். ஐப்பசி மழையில் நட்டோம். மார்கழி வரை பச்சைப்பசேல் என்று நின்றன. மேனேஜர் என் தோளில் தட்டினார். மாசியில் நுனி கருகத் தொடங்கியது. சித்திரையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தண்ணீர் ஊற்றிய பெண்களில் ஒருவர், "இனிமே தண்ணி வேணாம் சார், அடுப்புக்கு எடுத்துக்குறோம்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே விறகுக்குத்தான் கேட்டார்.

மேனேஜர் விசாரித்தார். நான் சொன்னது இவ்வளவுதான்: "லைப்ரரியில குடுத்த புத்தகத்துல இருந்த பட்டியல் சார். அந்தம்மாதான் தேடிக் குடுத்தாங்க."

இரண்டு வாக்கியமும் உண்மை. அயோக்கியத்தனம் அதில்தான் இருந்தது. மேனேஜர் கோபத்தில் நூலகத்தின் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். தனபாக்கியம் அவர்களுக்கு மெமோ வந்தது. தவறான நூலைக் கொடுத்து ஆலைக்கு நஷ்டம் உண்டாக்கியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. சீட்டை மெமோவுக்குப் பதிலாக அனுப்பினால் போதும், அவர் தப்பித்துவிடுவார், என் வேலை போய்விடும். வீட்டில் இரண்டு குழந்தைகள். சாயங்காலம் நூலகத்துக்குப் போய், மற்றவர்கள் எழுந்து போகும் வரை பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். பிறகு சீட்டை அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"வாசகர் கேட்ட நூல் வழங்கப்பட்டதுன்னு ஒரு வரி எழுதி அனுப்பிட்டேன் சார். யாரு என்ன கேட்டாங்க, நான் என்ன சொன்னேன்ங்கறதெல்லாம் இங்க உள்ள இருக்குற விஷயம். வெளிய குடுக்குறதில்ல."

நான் நன்றி என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்களுக்காக இல்ல சார். நாளைக்கு இன்னொருத்தரு பயமில்லாம வந்து கேக்கணும்ல? நீங்க வேணா சொல்லலாம். அது உங்க சீட்டு."

நான் சொல்லவில்லை. அவரைப் பெரம்பலூருக்கு அப்பால் ஒரு சின்ன நூலகத்துக்கு மாற்றினார்கள். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தார். தப்புப் புத்தகம் கொடுத்த லைப்ரரி அம்மா என்று இங்கே பேச்சு நிலைத்துவிட்டது. என் காதுபடவே பேசினார்கள். நான் வரைபலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் குழியைச் சுற்றி மறுபடி மரம் நடவேண்டும் என்று உத்தரவு வந்தது. வெட்கம்கெட்டுப் போய்ப் பெரம்பலூர் பஸ் ஏறினேன். அவர் வாங்க சார் என்றார், அவ்வளவுதான். பழையதைப் பேசவில்லை. வனத்துறையின் பழைய நடவுக் குறிப்பு ஒன்றை எங்கிருந்தோ தருவித்து வைத்திருந்தார். இந்த மண்ணில் எது பிழைத்தது, எது பட்டுப்போனது என்று அதில் வரிசையாக இருந்தது. நான் வருவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வேம்பு, புங்கன், வாகை. புதுச் சீட்டு எழுதினார், கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அந்த மரங்கள்தான் இன்று நீங்கள் பார்ப்பவை. என் வேலை நிரந்தரமானது. பூங்கா பற்றி நான் எழுதிய அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பதினான்கு நூல்களின் பெயர் இருக்கிறது. மேனேஜருக்கு நன்றி இருக்கிறது. டைப் அடித்தவருக்குக்கூட நன்றி இருக்கிறது. தனபாக்கியம் அவர்களின் பெயர் இல்லை. அறிக்கையின் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழக்கம்போலப் பின்னாலிருந்து படித்தார். பார்த்து முடித்துவிட்டு, அதற்கு ஓர் அட்டை எழுதி அட்டவணைப் பெட்டியில் சேர்த்தார். தலைப்பு, ஆசிரியர் என்று என் பெயர், பொருள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை திருமழபாடிக்குப் போனேன். கொள்ளிடத்தில் தண்ணீர் குறைவு, மணல்தான் அதிகம். கூட்டம் என்று சொல்லமுடியாது. பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வாசகர்கள் சிலர் வந்திருந்தார்கள், நம் ஆலையிலிருந்து இருவர். அவர்களில் ஒருவர் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "நல்ல அம்மா சார். அந்தப் புத்தக விஷயத்துலதான் பாவம் பேரு கெட்டுப்போச்சு" என்றார். அம்மாவைக் குளிப்பாட்டி மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மணலில் கால் புதையப் பின்னால் நடந்தேன். இவ்வளவு வருஷத்தில் அன்றைக்குப் போல என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்ததில்லை.

புறப்படும்போது தம்பி அந்த நோட்டைக் காட்டினார். வாசகர்களுக்குப் புத்தகம் வந்தால் தகவல் சொல்ல அவர் வைத்திருந்த நோட்டு. என் பெயருக்கு நேரே ஆபீஸ் நம்பரும் லேண்ட்ஸ்கேப் என்ற சொல்லும் இருந்தன. வேறு ஒன்றும் எழுதவில்லை.

போய் வாருங்கள் அம்மா. நீங்கள் வெளியே கொடுக்காத சீட்டை, அது என்னுடையது என்பதால், நானே இங்கே கொடுக்கிறேன்.

கேட்ட பொருள்: குழியைச் சுற்றிப் பூங்கா அமைப்பது.

கிடைத்தது: வெளிநாட்டு நூல் ஒன்று.

வாசகரிடம் தெரிவித்தது: இந்நூல் குளிர்நாட்டுக்கு எழுதப்பட்டது. மரங்களை வனத்துறையில் விசாரிக்காமல் நடவேண்டாம்.

படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டவர்: கோ. வைத்தியலிங்கம், டிராப்ட்ஸ்மேன்.