பைலட் அக்காவின் விமானப்படை

"டுர்ர்ர்ர்..."

சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "நாப்பத்திநாலு வயசாகுது. வாயால பிளேன் ஓட்டுறா பாருங்க!"

என் மூக்குக்கண்ணாடியின் ஆடும் காலைச் சரிசெய்துகொள்ள அவள் வீட்டுக்குப் போயிருந்த எனக்கு அந்தச் சத்தம் பழக்கம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவளுக்குத் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் பைலட் அக்கா. உலோகத்தில் வார்த்த சின்னஞ்சிறு போர் விமானங்களைச் சேர்க்கிறாள். மேக்கப் பிரஷ்ஷால் தூசி தட்டும்போது புரொப்பல்லர் வைத்ததற்கு "டுர்ர்ர்", ஜெட்டுக்கு "ஷ்ஷூ". மாற்றிச் சத்தமிட்டு நான் கேட்டதில்லை.

பெட்டி கிழிந்ததால் விலை குறைத்தவற்றைத்தான் வாங்குவாள். "அட்டை கிழிஞ்சா பிளேன் பறக்காதா?" இறக்கையில் ஒட்டிய வட்டச் சின்னம் கோணலாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவாள். "சண்டைக்குப் போய்ட்டு வந்திருக்கு, பாவம்." எவனோ ஒரு விமானி இவள் மனதைப் பறித்துக்கொண்டு மேகத்தில் மறைந்திருப்பானோ என்று உருகிப்போய் ஒருமுறை கேட்டேன். "ஒரு மண்ணும் இல்லக்கா. பிடிச்சுது, வாங்கினேன்."

அன்று அண்ணன் வரன் பேசி முடிக்க வந்திருந்தார். மாப்பிள்ளை, ஒரே கண்ணாடியைத் துடைத்துத் தரச் சொல்லி வாரம் தவறாமல் கடைக்கு வந்தவர். அவர் வரும் நாளில் இவள் கடைச் சீருடையை இஸ்திரி போட்டு உடுத்துவாள்.

பிரஷ்ஷும் கையுமாக வெளியே வந்தவளிடம் அண்ணன் சொன்னார்: "எல்லாம் கூடி வந்துடுச்சு. இந்தப் பொம்மைங்க மட்டும் வேண்டாங்கிறார். என் பேரனுக்குக் கொடுத்துடு."

அவள் கண்ணில் நீர் திரண்டது. விழ விடவில்லை.

"அவருக்கு என்ன பழக்கம்ணா?"

"ஞாயித்துக்கிழமை சீட்டாடுவார். மத்தபடி தங்கமான மனுஷன்."

"சீட்டுக்கட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வாங்கன்னு நான் சொன்னேனா?"

"அது ஆம்பளைங்க பொழுதுபோக்குடி!"

"இது பொம்பளை விமானப்படை."

"அப்போ அவரைப் பிடிக்கலையா உனக்கு?"

"பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. அதுக்காக என் அலமாரியைக் காலி பண்ண மாட்டேன். அவரையே இங்க வரச் சொல்லு. இதுங்களைப் பார்த்துட்டு, அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்."

"தனியாவே கிட!" அண்ணன் எழுந்த வேகத்தில் என் செருப்பில் காலை நுழைத்தார்.

"அது அக்காவோடது. உன்னோடது இந்தப் பக்கம்."

அவர் படியிறங்கினார். அவள் கதவைச் சாத்தினாள். பிறகு இருப்பதிலேயே பெரிய ஜெட்டை அலமாரியிலிருந்து எடுத்துவந்து, செருப்பு ஸ்டாண்டின்மேல் வைத்து, அதன் மூக்கை வாசலை நோக்கித் திருப்பினாள்.