ஒன்பதுக்குக் கீழேதான் ஏஸ்

எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் கதவில், காந்தம் ஒன்றின் பிடியில், மூலை மடிந்த கறுப்பு ஒன்பது தொங்குகிறது. வருகிறவர்கள் அதை என் அதிர்ஷ்ட எண் என்று நினைக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. உண்மையில் அது நான் வாங்கிய அடி.

கனடாவில், ஸ்காபரோவில் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலம். கோடையில் தொழிற்சாலைகளுக்குள் சொஃப்ட்போல் போட்டி நடக்கும்; பேஸ்போல் மாதிரித்தான், பந்தை மட்டும் கீழ்க்கையால் எறியவேண்டும். எங்கள் சூப்பர்வைசர் அண்ணை என்னை ‘ஏஸ்’ என்று கூப்பிடுவார். பேஸ்போலில் ஓர் அணியின் முதல்தரப் பந்தெறிகாரனுக்கு உள்ள பட்டம், தொலைக்காட்சியில் பொறுக்கியிருந்தார். எனக்கு அதைத் தந்ததற்கு, என்னிடமிருந்த விலையான கறுப்புக் கண்ணாடியைத் தவிர வேறு காரணம் இன்றுவரை புலப்படவில்லை. உண்மையில் எறியத் தெரிந்தவர் பொதிகட்டும் வரிசையில் நின்ற அக்கா. டேப் உருளையைக் கீழ்க்கையால், திரும்பிப் பாராமலே, தூரத்துத் தொட்டிக்குள் விழுத்துவார். அந்தக் கோடை முழுக்க எங்களை வெல்லவைத்தது அந்தக் கைதான். ஆனால் இறுதி ஆட்டம் பார்க்க முதலாளி வருகிறார் என்றதும், அண்ணை பட்டியலில் அக்காவின் பெயரை வெட்டிவிட்டு என் பெயரை எழுதினார்.

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் வழக்கம்போல முந்நூற்றிநாலு, எங்கள் யாழ்ப்பாணத்துக் கடுதாசிச் சீட்டு விளையாட்டு.

“உந்த ஏஸ் எண்டா என்ன, தம்பி?” அக்கா கேட்டார்.

ஆதிகாலத்துப் பந்தெறிகாரர் ஒருவரின் பெயரிலிருந்து வந்ததாக ஒரு கதை, சீட்டுக்கட்டின் ஏஸிலிருந்து வந்ததாக இன்னொரு கதை என்று விளக்கினேன். விளக்கியபடியே என் கறுப்பு ஏஸையும் பெருமையாக இறக்கினேன். அதன்மேல் அவருடைய கறுப்பு ஒன்பது விழுந்தது.

“முந்நூற்றிநாலிலை ஜாக்தான் பெரிசு. பிறகு ஒன்பது. அதுக்குப் பிறகுதான் நீர்.”

இறுதி ஆட்டத்தில் முதல் ஆறு பேரையும், மட்டைக்கு எட்டாமல் எறிந்தே முதல் தளத்துக்கு அனுப்பிவைத்தேன். தளங்கள் நிரம்பியதும், பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களைத் தள்ளித் தள்ளி மூன்று ஓட்டங்கள் இலவசம். ஒரு பந்து முதலாளியின் கதிரைவரை போய் விசாரித்துவிட்டு வந்தது. அப்போதுதான் அக்கா, யாரும் கூப்பிடாமலே, மைதானத்துக்குள் நடந்து வந்தார்.

“உம்மடை பேர் லிஸ்டிலை இல்லை! போய் இரும் பிள்ளை!” அண்ணை கத்தினார்.

“நீங்கள் வெட்டினது பேரைத்தான் அண்ணை. கை இஞ்சைதான் கிடக்கு.”

அன்று நான் குறிதவறாமல் எறிந்த ஒரே பந்து, அவர் கையில் போட்ட பந்து. ஆளை மாற்றுகிறோம் என்று நினைத்து நடுவரும் தலையாட்டினார். அதன்பிறகு எதிரணிக்கு ஓர் ஓட்டம்கூடக் கிடைக்கவில்லை. மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். அந்த மூன்றும் என்னுடையவை. முதலாளி என்னைத் தாண்டிப்போய் அக்காவுக்குக் கை கொடுத்தார். அண்ணை ஆகாயம் பார்த்தார். அக்கா அந்தக் கறுப்பு ஒன்பதை என் சட்டைப் பைக்குள் செருகினார்: “வைச்சிரும். மறந்துபோவீர்.”

அடுத்த கோடையில் பட்டியலின் முதல் வரியில், அழியாத மையால், தன் பெயரைத் தானே எழுதினார். வெட்ட யாருக்கும் துணிவு வரவில்லை.

போன ஞாயிறு மத்தியானம் தொலைக்காட்சியில் எவனோ ஒருவனை ஏஸ், ஏஸ் என்று கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஸ்காபரோவின் ரூஜ் பகுதியிலிருந்து அக்காவின் போன்.

“பாக்கிறீரே? உங்கடை மூண்டாவது ஆளுக்கு என்ன கத்துக் கத்துறாங்கள்!”

பிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். ஒன்பது அசையாமல் இருந்தது.

“ஓம் அக்கா,” என்றேன், “உவங்களுக்கு விளையாட்டுத் தெரியாது.”