கிளிமீனின் தொண்டைப் பல்

நான்கு ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கனடாவின் ஸ்காபரோவில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடையில் இது தொடங்கியது. பனி கரைந்து வாகனத் தரிப்பிடம் முழுவதும் சேறாகக் கிடந்தது. தினமும் இரவு படுக்கும் முன் நாட்குறிப்பு எழுதுவது என் பழக்கம். அன்றைய பக்கத்தில் மூன்று இடங்களில் ‘விளங்கவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். வேறெந்தப் பக்கத்திலும் அப்படி எழுதியதாக நினைவில்லை.

அன்று மதியம் பக்கத்து நகரான மார்க்கத்திலிருந்து அக்காவும் அத்தானும் மல்வேர்னில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. ஒரு கலியாண வீட்டில் ஏற்பட்ட சின்ன மனத்தாங்கலால் அத்தான் நெடுநாளாக எங்கள் பக்கம் வரவில்லை. அக்காதான் பேசிப் பேசி இணங்க வைத்திருந்தார். அத்தானுக்குக் கிளிமீன் என்றால் உயிர். கிளியின் அலகைப் போலவே வாய் உள்ள, பச்சையும் நீலமுமான மீன் அது. எல்லாக் கிழமையும் வராது என்பதால் கடைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். முதல் நாள் அக்கா தொலைபேசியில், “முறுக்கு ஒண்டும் மேசையில வைச்சிடாதை” என்றார். ஏன் என்று கேட்டேன். “வைக்காதை எண்டால் வைக்காதை” என்றார். இது முதலாவது ‘விளங்கவில்லை’.

கடையில் எனக்கு முன்னால் ஓர் இளம்பெண் நின்றாள். என் மகளின் வயதுதான் இருக்கும். மீன் வெட்டும் தம்பி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணை, உவ சொல்லுறது உங்களுக்காவது விளங்குதோ? வெட்டக் கூடாதாம், செதில் எடுக்கக் கூடாதாம், குடலிலயும் கைவைக்கக் கூடாதாம். ஐஸில கிடந்த கிளிமீனைக் கொண்டுபோய் வளர்க்கப் போறாவோ?”

நான் அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவளுக்கு மீன் வேண்டியதில்லை, அதன் எலும்புதான் வேண்டுமாம். பல்கலைக்கழகத்தில் தொல்லியல் ஆய்வு செய்கிறாளாம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் படகில் பெருங்கடலைக் கடந்துபோய், பசிபிக் தீவுகளில் முதன்முதலாகக் குடியேறிய மக்களைப் பற்றிய ஆய்வு. அவர்கள் அடுப்பு மூட்டிய இடத்தைத் தோண்டியபோது மீன் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. எந்த எலும்பு எந்த மீனுடையது என்று சொல்ல வேண்டுமானால், பெயர் தெரிந்த ஒரு மீனின் எலும்புகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். தீவிலிருந்து இரவலாக வந்த அந்த எலும்புகள் அந்தக் கிழமை முடியும் முன்பே திரும்பிப் போகின்றன. இவ்வளவு பெரிய கிளிமீனைத் தலையோடு அவள் வேறெங்கும் காணவில்லை. இந்த மீன் கிடைக்காவிட்டால் பாதி எலும்புகளைப் பெயரில்லாமலே திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்றாள்.

அவளுடைய பெற்றோர் பிலிப்பீன்ஸ்காரர். ‘ஐந்து’ என்பதற்குத் தன் அம்மா சொல்லும் சொல்லையே, நடுவில் அத்தனை கடல் இருந்தும், அந்தத் தீவுகளிலும் சொல்கிறார்கள் என்று விரல்களை விரித்துக் காட்டினாள். எல்லாம் ஒரே மொழிக் குடும்பமாம். நான் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் தலையாட்டினேன். வெட்டும் தம்பிக்கு விஷயத்தைச் சொன்னேன். “எலும்புக்குக் காசு குடுத்து மீன் வாங்கிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்” என்று அவர் சிரித்தார். அவளுக்கு முழு மீன். எனக்கு வெட்டிய மீன். இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரிக் கறுப்புப் பை. நான் பில்லைச் சரிபார்த்தேன். பையைப் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவி பையைத் திறந்தார். “இஞ்சாருங்கோ, இவ்வளவு நேரம் கடையில நிண்டு மீனை வெட்டாமலே கொண்டு வந்திருக்கிறியளே!” அந்தப் பெண்ணோடு கதைத்த அமளியில் தம்பி என் மீனை வெட்ட மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நேரமும் போய்க்கொண்டிருந்தது. மனைவியே செதில் எடுத்து, துண்டு போட்டு, அத்தானுக்காகத் தலையைப் பிளக்காமல் முழுசாகக் குழம்பில் இறக்கினார்.

அத்தான் நல்ல முகத்தோடுதான் வந்தார். தலை அவருடைய சோற்றுக் கோப்பைக்குப் போனது. “தங்கச்சி, உந்தக் குழம்புக்காக எண்டாலும் வந்திருக்கலாம்” என்று மனைவியிடம் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. சிறிது நேரத்தில் திடீரென்று மெல்லுவதை நிறுத்தினார். வாயைக் கையால் மூடினார். பிறகு பேச்சே இல்லை. உப்புக் கூடிவிட்டதா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். பாயசம் கொண்டு வரட்டுமா என்று மனைவி கேட்டபோது உதட்டைத் திறக்காமல் கையால் வேண்டாம் என்றார். நான் என்ன பிழையாகச் சொன்னேன்? பேசியதையெல்லாம் மனதுக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். கலியாண வீட்டுக் கதையை எடுத்தேனா? இல்லை. பிறகு ஏன் இந்தக் கோபம்? இது இரண்டாவது ‘விளங்கவில்லை’.

அப்போதுதான் கடையிலிருந்து தொலைபேசி வந்தது.

“அண்ணை, அந்த மீனைச் சமைச்சிட்டியளோ? பை மாறிப் போச்சு! அந்தப் பிள்ளை சப்வே வரைக்கும் போய்ப் பையைத் திறந்து பாத்திட்டு, திரும்பி வந்து இஞ்ச அழுகிற மாதிரி நிக்குது.”

நான் எழுந்து நின்று, “ஒருத்தரும் எலும்பை எறியாதேங்கோ!” என்றேன். கையில் குழம்போடு எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அவளிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். சமைத்தால் பரவாயில்லை, ஆய்வுகூடத்திலும் சதையை அகற்ற அவித்துத்தான் எடுப்போம், தலையெலும்பு எதையும் விடாமல் சேர்த்து வையுங்கள் என்றாள். முள்ளந்தண்டு வெட்டுப்பட்டது பெரிய நட்டமில்லையாம்.

விருந்தாளிகளின் கோப்பைகளில் இருந்து எலும்பு பொறுக்குவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதுவும் நெடுநாளைக்குப் பிறகு வந்த அத்தானின் கோப்பையில் இருந்து. “இதென்னடா விருந்து, தந்ததைத் திருப்பி வாங்கிறாய்?” என்று அக்கா சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. யன்னல் பக்கம் திரும்பி இருந்தார். இந்த அவமானத்தோடு உறவு முடிந்தது என்றே முடிவு கட்டினேன்.

கடைத் தம்பியே அவளைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். மனைவி எலும்புகளைச் சுடுநீரில் கழுவி வைத்திருந்தார். அவள் விளம்பரத் தாள்களைத் தரையில் விரித்து, எலும்புகளை இடம் வலமாக அடுக்கத் தொடங்கினாள். எங்கள் கண்ணெதிரே ஒரு தலை உருவானது. அலகு இருந்தது. செவுள் மூடிகள் இருந்தன. தொண்டையின் மேற்பக்கத்து இரண்டு பல் தட்டுகளும் இருந்தன. பிறகு அவளுடைய கை நின்றது.

ஒன்று குறைந்தது. கிளிமீன் பவளப்பாறையைக் கொறித்து, தொண்டைக்குள் வைத்து அரைக்குமாம். அரைக்கும் கீழ்த்தட்டு ஒன்றுதான் உண்டு. மற்ற எலும்புகள் உக்கிப் போனாலும் மண்ணில் நின்று பிடிப்பது அதுதான். தீவிலிருந்து வந்தவற்றில் அவள் முக்கியமாக ஒப்பிட வேண்டியதும் அதுதான். நான் கையுறை போட்டுக்கொண்டு பச்சைக் குப்பைத் தொட்டியைக் கிளறினேன். மனைவி குழம்புச் சட்டியை வடிகட்டினார். இல்லை. அந்தப் பெண் எங்களைக் குறை சொல்லவில்லை. அடுக்கிய எலும்புகளை மறுபடியும் ஒவ்வொன்றாக எண்ணினாள்.

எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக, தீவில் கிடைத்ததன் படத்தைத் தன் கைபேசியில் எடுத்துத் தந்தாள். சின்னக் கரண்டி போன்ற ஓர் எலும்பில் வரிசை வரிசையாகப் பற்கள். கைபேசி அக்காவிடமிருந்து அத்தானிடம் போனது. அவர் கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். எழுந்து குளியலறைக்குப் போனார். அங்கே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து சுருட்டிய கடதாசித் துவாலை ஒன்றை எடுத்து விரித்து, தாளின் நடுவில் வைத்தார்.

அந்தப் பெண் கைகளால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தம்பி, உது என்ர பல்லெண்டெல்லோ நான் நினைச்சன்!” என்றார் அத்தான்.

போன மாதம்தான் அவருக்குக் கீழ்வரிசைக்குப் புதுப் பல் கட்டினார்களாம். கடித்தபோது பல்வரிசை உள்ள ஏதோ ஒன்று வாயிலிருந்து கையில் வர, கட்டிய பல் கழன்றுவிட்டதென்று பயந்து, அதைத் துவாலையில் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, வாயைத் திறந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். குளியலறைக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் தன் பல் வாயிலேயே இருப்பது தெரிந்ததாம். முறுக்கு ஏன் கூடாது என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“வாய்க்குள்ள பல்லு இருக்கோ இல்லையோ எண்டு நாக்கால ஒருக்காத் தடவிப் பாக்கத் தெரியாதே உங்களுக்கு?” என்றார் அக்கா.

“நாக்கு இருந்தாலெல்லோ தடவ? தங்கச்சியின்ர மிளகாய்த்தூள் அதை எப்பவோ எரிச்சுப் போட்டுது!”

அந்தப் பெண்ணுக்கு நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே எல்லாரும் சிரிக்கத் தொடங்கிவிட்டோம். அத்தான்தான் அதிகம் சிரித்தார். பிறகு பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். இரண்டு தரம்.

தேநீர் குடிக்கும்போது மனைவி ஒரு கேள்வி கேட்டார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தத் தீவில் தலை யாருக்குப் போனது? வயதில் மூத்தவருக்கா, விருந்தாளிக்கா? அவள் யோசித்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் தலையெலும்புகள் கிடந்தன, அவ்வளவுதான் தெரியும் என்றாள். யார் சாப்பிட்டார், யாரோடு யார் கோபமாக இருந்தார் என்பதை எலும்பு சொல்லாது. நாங்கள் ஊகிப்பதில் எவ்வளவு பிழையோ, அதுவும் தெரியாது என்றாள்.

சில நாள் கழித்து ஒரு படம் அனுப்பினாள். ஆய்வுகூட இழுப்பறையில் எங்கள் கிளிமீன். தீவின் எலும்புகளில் பல அதனோடு பொருந்தி, பெயரோடு ஊர் திரும்பினவாம். குழம்பின் மஞ்சள் எலும்பை விட்டுப் போகவே இல்லை. நாளை யாரும் பார்த்துக் குழம்பக் கூடாதென்று, ‘மஞ்சள் நிறம் சமையலால் வந்தது’ என்று சீட்டில் எழுதியிருந்தாள். மாறிப்போன என் வெட்டிய மீனை வினாகிரி விட்டுச் சமைத்துச் சாப்பிட்டதாகவும் சொன்னாள்.

மூன்றாவது ‘விளங்கவில்லை’ என்னைப் பற்றியது. எனக்கு நேரெதிரே இருந்து, என் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்ட மனிதரின் மௌனத்தை நான் கோபம் என்று எப்படி அவ்வளவு உறுதியாக எடுத்துக்கொண்டேன்? இன்றும் யாராவது என் முன்னால் பேசாமல் இருந்தால், அதன் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கப் போகும்போதெல்லாம், கடதாசித் துவாலைக்குள் சுருண்டிருந்த அந்தத் தொண்டைப் பல் நினைவுக்கு வந்து என்னைக் கொஞ்சம் நிறுத்திவிடுகிறது.