வால்வு சூடாகும் முன்

ஏலூர் ஆலை ஒன்றின் இயந்திர இரைச்சலிலேயே காலம் தள்ளிய அப்பா, போன மாதம் ஓய்வு பெற்றார். இனியாவது நல்ல சத்தத்தில் பாட்டுக் கேட்கட்டும் என்று, களமசேரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நான் அவருக்காக, பழைய ரேடியோவில் இருப்பதுபோன்ற கண்ணாடி வால்வு வைத்து, ஒலியைக் கூட்டித் தரும் ஒரு ப்ரீஆம்ப் செய்தேன். மட்டாஞ்சேரி வீடு முழுக்க சால்டரிங் புகை. இரண்டு முறை ஃபியூஸ் போனது, மூன்றாம் முறை தாங்கியது.

அப்பாவை ஸ்பீக்கர் முன்னால் உட்காரவைத்து, போனில் அவருக்குப் பிடித்த பாட்டை ஓடவிட்டு, சுவிட்சைப் போட்டேன். வால்வு சூடாகிச் சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆகும். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், வால்வின் கண்ணாடிக்குள் ஆரஞ்சு வெளிச்சத்தைப் பார்த்த அப்பா தொடையில் தாளம் போடத் தொடங்கிவிட்டார்.

“அடிபொளி, மோளே! என்னா க்ளியரு!”

“என்னடி, இன்னும் ஒண்ணுமே கேக்கலையே?” என்று அம்மா அடுக்களையிலிருந்து கத்தினாள்.

அப்பா திரும்பவில்லை. பிறகு பாட்டு வந்தது, அத்தனை துல்லியமாக. அவர் தாளம் அதோடு சேரவே இல்லை. கண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் சிரித்தேன். உடனே அவரும் சிரித்தார்.

கல்லூரியில் நடப்பதையெல்லாம் மூச்சுவிடாமல் அவரிடம்தான் சொல்வேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அதில் எவ்வளவு அவர் காதில் விழுந்திருக்குமோ, தெரியவில்லை.