அம்மாவின் புள்ளடி

எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்தால் அப்பா முதலில் மேசையைத் துடைப்பார். மீன்குழம்புக் கறை ஏதும் தாளில் பட்டுவிட்டால் ஜேர்மன்காரன் என்ன நினைப்பான் என்பது அவருடைய கவலை. பிறகு கறுப்புப் பேனா எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கட்டம் கட்டமாக நிரப்புவார். அம்மா கையெழுத்து வைக்க வேண்டிய இடம் வந்தால் பென்சிலால் பெருக்கல் குறிபோல ஒரு சின்னப் புள்ளடி போடுவார். அம்மா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வந்து, அந்தப் புள்ளடி இருக்கிற இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவா. மை காய்ந்ததும் அப்பா பென்சில் அடையாளத்தை அழித்துவிடுவார். பல் வைத்தியர், வாடகை, என்னுடைய பள்ளிக்கூடம், எல்லாம் இப்படித்தான். வீடென்றால் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருசம்தான் அம்மாவுக்கு ஜேர்மன் கடவுச்சீட்டு வந்தது. அப்பாவுக்கு முன்னமே வந்துவிட்டது. எனக்குப் பத்து வயது. இலையுதிர்காலத்தில் எங்கள் ஹெசன் மாநிலத்துக்குத் தேர்தல். அதோடு சேர்த்து மாநில அரசியல் சாசனத்தை மாற்றுவதற்கும் மக்களிடம் வாக்குக் கேட்டிருந்தார்கள். ஒரு கத்தைத் திருத்தங்கள். அதில் ஒன்று ஆண் பெண் சமத்துவம் பற்றியது.

அப்பா மேசையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "வாக்கைத் தபாலில போடுவம். நான் நிரப்பிவிடுறன், நீர் கையெழுத்தை மட்டும் வையும்" என்றார்.

அம்மா மரக்கறி வெட்டுவதை நிறுத்தவில்லை. "இல்லை, நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் போடப்போறன்" என்றா.

அவ அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை போல. கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைக் கழற்றிப் பூட்டினார். பிறகு, சரி, பக்கத்தில் நான் நிற்பேன்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆனாலும் அவருக்குப் பயம். ஊரில் அவருக்குத் தேர்தல் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிற நாள். இங்கே வந்த புதிதில் ஏதோ ஒரு பத்திரத்தில் திகதி பிழைத்துப்போய் அவருடைய அகதி வழக்கு வருசக்கணக்காக இழுபட்டதாம். அதனால் அந்தக் கிழமை ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கு வகுப்பு நடந்தது. பழைய கடதாசியில் வாக்குச்சீட்டு மாதிரி கீறி, "எல்லாத் திருத்தத்துக்கும் சேர்த்து மேல ஒரு வட்டம் இருக்கு. அதில ஆம் எண்டு ஒரு புள்ளடி. அவ்வளவுதான். கீழ போய் ஒண்டொண்டாக் கிண்டாதையும். ஒரு கீறு பிழைச்சால் எல்லாம் போச்சு" என்றார்.

எல்லாம் போச்சு என்றால் எது போகும் என்று நான் யோசித்தேன். கடவுச்சீட்டுத்தான் போகும் என்று முடிவு செய்தேன். அது அலுமாரியில் அம்மாவின் கல்யாணக் கூறைச்சேலைக்கு அடியில் இருந்தது. அம்மாவின் கடவுச்சீட்டைப் பிடுங்கினால் அம்மாவை எங்கே அனுப்புவார்கள், நானும் கூடப் போக வேண்டி வருமா, அப்பா இங்கே தனியச் சமைப்பாரா? ஒருவரிடமும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா திருத்தங்கள் பற்றித் தபாலில் வந்த விளக்கப் புத்தகத்தை என்னிடம் நீட்டினா. ஜேர்மனில் தட்டுப்பட்டால் என்னிடம் வருவதுதான் அவவின் வழக்கம். வைத்தியரிடம் போனாலும் நான்தான் வாய். ஆண் பெண் பகுதியை வாசித்து, எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். ஆணும் பெண்ணும் சமம், அது உண்மையிலேயே நடக்கிறதுக்கு அரசாங்கம் பாடுபட வேணுமாம் என்று.

"அப்ப இவ்வளவு காலமும் நடக்கேல்லையோ?" அம்மா கேட்டா.

"எங்கட வீட்டில எப்பவோ நடந்திட்டுது. இஞ்ச ராச்சியம் நடத்திறது ஆரெண்டு பிள்ளையைக் கேளும்" என்று அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே மாதிரிச் சீட்டின் மேல்வட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டு, அம்மா பக்கம் தள்ளிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். வாக்குச்சாவடி என்னுடைய பள்ளிக்கூடத்தில்தான், அதுவும் எங்கள் வகுப்பறையிலேயே. நாங்கள் ஒட்டிய காகித முள்ளெலிகள் சுவரில் இருந்தன. எங்கள் மேசைகளில் அட்டைத் தடுப்புகளை வைத்திருந்தார்கள். அம்மா திருநாளுக்குப் போடுகிற கறுப்புச் சப்பாத்துப் போட்டிருந்தா. அடையாள அட்டையைக் காட்டி, சீட்டுகளை வாங்கி, மூன்று பேரும் ஒன்றாகத் தடுப்பை நோக்கி நடந்தோம். எந்த அலுவலகத்துக்கும் நாங்கள் அப்படித்தான் போவது. அப்பா முன்னால், நான் அம்மாவின் கையைப் பிடித்தபடி.

தேர்தல் பணியில் இருந்த, பச்சைச் சால்வை போட்ட ஒரு பெண் எழுந்து வந்து, ஒவ்வொருவராகத்தான் போகலாம் என்றார். தான் கணவர், இவவுக்கு வாக்குப் போடுவது இது முதல்தரம், தான் உதவி செய்ய வேண்டும் என்று அப்பா தன்னுடைய திறமான ஜேர்மனில் விளக்கினார். வாசிக்க முடியாதவர்கள் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை அவவே கேட்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னார். சொல்லிவிட்டு அப்பாவைத் தாண்டி அம்மாவிடம், மெதுவாக, உங்களுக்கு உதவி வேண்டுமா என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தா. நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாவே பதில் சொல்லிவிட்டா. "நைன், டங்கே." வேண்டாம், நன்றி.

அப்பாவின் முகம் சுருங்கிப் போனது. சரி, நானாவது போகலாம் என்று அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தேன். அந்தப் பெண் குனிந்து, உனக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். வகுப்பிலேயே வேகமாக வாசிப்பவள் நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியென்றால் நீ இங்கேதான் நிற்க வேண்டும் என்றார். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் உள்ளே போகக்கூடாதாம். கெட்டித்தனம் காட்டி இப்படி மாட்டிக்கொண்டது எனக்கு அதுதான் முதல்தரம்.

அம்மா தனியப் போனா.

அப்பா தன்னுடையதைப் போட்டுவிட்டு வந்தார். பக்கத்துத் தடுப்பில் ஒரு கிழவர் பொல்லூன்றி வந்து, போட்டுவிட்டுப் போய்விட்டார். பிறகு ஒரு சோடி, பிறகு நாய்ச்சங்கிலியைக் கையில் சுற்றிய ஒரு பெடியன். அம்மா வரவில்லை. தடுப்புக்குக் கீழே அவவின் கறுப்புச் சப்பாத்துகள் மட்டும் தெரிந்தன. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், அசையவேயில்லை. அம்மா ஏதோ ஒரு சொல்லில் சிக்குப்பட்டு நிற்கிறா என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எந்தச் சொல்லாக இருக்கும்? நான் சரியாகச் சொல்லிக்கொடுத்தேனா? கூப்பிடட்டுமா என்று அப்பாவின் சட்டையை இழுத்தேன். "சும்மா இரு பிள்ளை" என்றார்.

கடைசியில் அம்மா வந்தா. சீட்டுகளை மடித்து, பெட்டிக்குள் போட்டு, பச்சைச் சால்வைக்குத் தலையாட்டிவிட்டு எங்களிடம் வந்தா.

வாசல் தாண்டியதும் அப்பா கேட்டார். "ஆம் எண்டுதானே போட்டனீர்?"

"அது ரகசியமாம்" என்றா அம்மா.

அப்பா எங்களுக்கு முன்னால் விறுவிறென்று நடந்தார். அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சொதியை இந்தப் பக்கம் தள்ளு என்பதைத் தவிர வேறு கதை இல்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து அலுமாரியைத் திறந்து, கூறைச்சேலைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். கடவுச்சீட்டு இருந்தது. அதற்குப் பிறகும் பல நாள் பார்த்தேன். திருத்தங்கள் எல்லாம் நிறைவேறின என்று வானொலி சொன்னபோதுதான் எனக்குச் சரியாக மூச்சு வந்தது. அப்பா கடிதங்களை நிரப்புவதும் பென்சில் புள்ளடி போடுவதும் பழையபடி நடந்தன. ஒரே வித்தியாசம், அம்மா கையெழுத்து வைக்க முன்னர் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினா. அப்பா பக்கத்தில் நின்று பெருமூச்சு விடுவார். அவ அவசரப்படமாட்டா.

போன தேர்தலில் எனக்கும் முதல் வாக்கு வந்தது. அதே பள்ளிக்கூடம்தான். அம்மாவும் கூட வந்தா. வரிசையில் நிற்கும்போது, இவ்வளவு காலத்துக்குப் பிறகு, அன்றைக்கு எந்தச் சொல் விளங்கவில்லை என்று கேட்டேன்.

"எல்லாம் விளங்கினது. போன உடனயே போட்டு முடிச்சிட்டன்."

"பிறகேன் அவ்வளவு நேரம்? நாங்கள் வெளியில நிண்டு செத்துப்போனம்."

அம்மா கைப்பையின் கொக்கியைப் பூட்டித் திறந்தா. "பக்கத்தில ஒருத்தரும் நிக்கேல்லை. இந்த நாட்டில அதுதான் முதல்தரம். அதுதான் கொஞ்சம் நிண்டனான்."

என்னுடைய முறை வந்தது. தடுப்புக்குள் போனேன். பழக்கதோசத்தில் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவ சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றா.