தவளைக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்

மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டிகளில் அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஸ்டீயரிங் கற்றுக்கொள்பவர் கையில், கியரும் அவர் கையில், எல்லாருடைய உயிரும் மாஸ்டரின் காலில். வருஷக்கணக்கில் இதே பிழைப்பு என்பதால் அந்தக் காலுக்கு ஓய்வென்றால் என்னவென்றே தெரியாது. வீட்டில் டிவியில் யாராவது மாடிப்படியில் வேகமாக இறங்கினால்கூடத் தரையை அழுத்தும். இதற்காக அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்வது அநியாயம். சம்பளம் வாங்கிக்கொண்டு பயப்படுகிற மனுஷர் அவர். ஓய்வு நேரத்திலும் கொஞ்சம் பயப்பட்டாரென்றால் அது தொழில் பக்தி.

இப்படிப்பட்டவர் ஆறேழு வருஷமாக ஒரு காரியத்தைப் பிரேக்கே போடாமல் செய்துவந்தார்.

அவர் மீசை முளைக்காத வயதில் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு வந்தது. கதாநாயகன் ஒரு தவளை. கப்பல் கேப்டன், தலையில் தொப்பி, கொஞ்சம் வாய்க்கொழுப்பு. இரண்டாம் பாகத்தின் கடைசியில் புயலடித்து, கேப்டன் கடலில் விழுந்தார். "தொடரும்" என்று போட்டார்கள். தொடரவில்லை. விளையாட்டைச் செய்த கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது, அதை வேறொரு கம்பெனி விழுங்கியது, கேப்டன் தண்ணீரிலேயே கிடந்தார்.

"தவளைதானேங்க? தண்ணில கிடந்தா என்ன?" என்று மனைவி கேட்டுப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டாள்.

"கடல் தண்ணி உப்பும்மா" என்றார் மாஸ்டர், அடிபட்ட குரலில்.

வகுப்பில்லாத மதியங்களில் தானாகவே எல்லாம் கற்றுக்கொண்டு, தீவு தீவாக வரைந்து, மூன்றாம் பாகத்தை அவரே செய்து முடித்தார். கேப்டன் கரையேறிவிட்டார். வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டார். முதல் திரையிலேயே ஒரு வாசகம்: "இது அன்பினால் செய்தது. எல்லா உரிமையும் உரியவர்களுக்கே." அந்த வாசகம் தன்னைக் காப்பாற்றும் என்று மனதார நம்பினார்.

இதில் அவருக்குத் துணை, முகம் தெரியாத ஒரு பையன். தவளை ரசிகர்களுக்காக ஒரு இணையதளம் நடத்துகிறவன். அங்கே அவன் பெயர் சோடாமூடி. ஒவ்வொரு தீவையும் விளையாடிப் பார்த்து, "அண்ணே, கேப்டன் பாறைக்குள்ள மாட்டிக்கிட்டு தொப்பி மட்டும் வெளிய தெரியுதுண்ணே" என்று எழுதுவான். மாஸ்டர் பாறையை நகர்த்துவார். ஒருவரையொருவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

கம்பெனியின் சட்டப் பிரிவிலிருந்து மெயில் வந்தபோது மாஸ்டர் பயிற்சி மைதானத்தில், காருக்குள் இருந்தார். "எங்கள் ரசிகர்களின் ஆர்வத்தை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்" என்று அது ஆரம்பித்தது. அடுத்த பத்தியில் மதிப்பு தீர்ந்துபோனது. பத்து நாளுக்குள் விளையாட்டு எங்குமே இருக்கக் கூடாது, பிரதிகள் அனைத்தும் அழிக்கப்பட வேண்டும், தவறினால் தக்க நடவடிக்கை. அவர் அதைப் படித்துக்கொண்டிருக்கையில், ரிவர்ஸ் எடுத்த மாணவர் வரிசையாக நின்ற பிளாஸ்டிக் கூம்புகளையெல்லாம் சாய்த்துவிட்டு, "மாஸ்டர், பிரேக் போடலையா?" என்று பரிதாபமாகக் கேட்டார். மாஸ்டரின் கால் மரத்துப் போயிருந்தது.

நடவடிக்கை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். பயிற்சியாளர் உரிமத்தை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் முகத்தைத் தூக்காமல் கேட்பார்: உங்க மேல கேஸ் ஏதாவது இருக்கா? இருக்குங்க. என்ன கேஸு? தவளை கேஸுங்க.

அன்று மாலையே இன்டர்நெட்டிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தார். தன் கம்ப்யூட்டரில் இருந்த மூலத்தையும் அழித்தார். "என்னிடம் இருந்ததையும் அழித்துவிட்டேன், இனி யாரும் பகிர வேண்டாம்" என்று ரசிகர்களுக்கு எழுதியும் போட்டார். நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் பார்த்தால் விளையாட்டு ஏழு இடத்தில் இருந்தது. "கவலைப்படாதீங்க அண்ணே, நாங்க இருக்கோம்!" என்று கீழே வாழ்த்து வேறு. முதல் ஆள் சோடாமூடி. எல்லா இடத்திலும் மாஸ்டரின் பெயர், கொட்டை எழுத்தில், பெருமையாக. அவர் கெஞ்சினார். "பாருங்க, கம்பெனிக்காரன் மிரட்டி எழுத வைக்கிறான்" என்று கொதித்துப்போய் மேலும் பத்து இடத்தில் போட்டார்கள். பகைவர்களாக இருந்தால் காலில் விழலாம். பிரியம் வைத்தவர்களை என்ன செய்வது?

அவரிடம் கார் கற்றுக்கொள்பவர்களில் ஒரு வக்கீலம்மா உண்டு. கோர்ட்டில் நீதிபதியையே மடக்குவாராம். தெருவில் சைக்கிளைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வார்.

"மேடம், ஒரு சந்தேகம். என் சிநேகிதர் ஒருத்தர்..."

"சிநேகிதர்னு ஆரம்பிக்காதீங்க மாஸ்டர். என்கிட்ட வர்ற எல்லாருக்கும் ஒரு சிநேகிதர் இருக்காரு. நேரா சொல்லுங்க. ஐயோ, சைக்கிள்!"

"அது எதிர்ப்பக்கம் போகுது மேடம். ரெண்டாவது கியருக்கு மாத்துங்க."

சொன்னார்.

"காசு வாங்கினீங்களா?"

"ஒத்தப் பைசா இல்ல. இலவசம் மேடம்!"

"அதனால? இந்தக் காரை உங்களைக் கேக்காம நான் எடுத்துட்டுப் போறேன். ஊர்ல இருக்குறவங்களையெல்லாம் இலவசமா ஏத்திட்டுச் சுத்துறேன். சும்மா இருப்பீங்களா?"

"பெட்ரோல் நீங்க போட்டா..."

"மாஸ்டர்!"

"அவங்க வண்டி வருஷக்கணக்கா ஷெட்லயே கிடக்குது மேடம். எடுக்கிறதும் இல்ல, விக்கிறதும் இல்ல. தூசி படிஞ்சு போச்சு."

"தூசியும் அவங்களோடதுதான்."

முதல் திரையில் போட்ட வாசகத்தைச் சொன்னார். வக்கீலம்மா சிரித்ததில் கார் ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. "பூட்டைத் திறந்து உள்ள போயி, 'வீட்டுக்காரருக்கு நன்றி'ன்னு சுவத்துல எழுதின மாதிரி இருக்கு" என்றார். பிறகு வண்டியை மறுபடி கிளப்பி, மனம் இளகிச் சொன்னார்: "முழுக்க அப்படின்னும் சொல்லிட முடியாது. தவளை அவங்களோடது. நீங்க வரைஞ்ச தீவு, எழுதின கதை உங்க உழைப்பு. ரெண்டும் பின்னிக் கிடக்குறதுதான் சிக்கல். வாதாடலாம். அதுக்கு வருஷம் வேணும், ஆள் வேணும், தைரியம் வேணும்." அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். "எடுத்துடுங்க."

"எடுத்துட்டேன் மேடம். மத்தவங்க போட்டுக்கிட்டே இருக்காங்க."

"அது அவங்க பாடு. உங்களால ஆனதைச் செஞ்சீங்கன்னு காட்டினா போதும்."

"ஆனதுன்னா எவ்வளவு?"

"நியாயமான அளவு" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார் வக்கீலம்மா. கார் ஓடிக்கொண்டிருந்தது. பிரேக்கை அழுத்திய மாஸ்டருக்கு அந்த இரண்டு கைகளுக்கு நடுவே இருந்த தூரம் மட்டும் மனதில் தங்கியது. அது நியாயமா, போதுமா, இன்னும் கொஞ்சம் வேண்டுமா?

நாள் குறைந்துகொண்டே வந்தது. சோறு இறங்கவில்லை. மனைவி தன் வேலையிடத்துக் கதையைச் சொல்லி அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். "புதுசா வந்த பொண்ணு டீ டம்ளரை எங்க வச்சாலும் யாராவது எடுத்துக் குடிச்சிடுறாங்களாம். இன்னைக்கு அது மேல 'தொற்று உள்ளது'ன்னு எங்க ரத்தக் குப்பியில ஒட்டுற சீட்டையே ஒட்டிடுச்சு. ஒருத்தன் கிட்ட வரல!"

மாஸ்டர் சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

"எச்சரிக்கை. இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் பிரதிகளில் வைரஸ் இருப்பது தெரியவந்துள்ளது. உடனே அழித்துவிடுங்கள்."

சட்டத்துக்கு அசையாத, கெஞ்சலுக்கு மசியாத கூட்டம் ஒரே பொழுதில் கலைந்தது. ஏழு இடமும் காலி, பிறகு போட்ட பத்தும் காலி. தான் பெற்ற பிள்ளைக்குத் தொழுநோய் என்று தானே தண்டோரா போட்ட மாதிரி இருந்தாலும், மாஸ்டர் அன்றைக்கு இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டார்.

வைரஸ் என்றால் வைத்தவன் ஒருவன் இருக்க வேண்டுமே என்பது அவருக்குத் தோன்றவில்லை. மற்றவர்களுக்குத் தோன்றியது. பிரதிகளை முதலில் பரப்பியவன் யார்? சோடாமூடி. அவன் வேலை பார்ப்பது எங்கே? கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில். சொல்லவா வேண்டும்? நேற்றுவரை அவனோடு தோளில் கைபோட்டுப் பேசியவர்கள் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். யாரோ ஒருவர் கடைக்கே போய் நியாயம் கேட்டார்.

அவனிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. "அண்ணே, என் பிரதியை எல்லா விதத்துலயும் சோதிச்சுப் பாத்துட்டேன். எனக்கு ஒண்ணும் சிக்கல. உங்க கண்ணுக்கு எந்த ஃபைல்ல பட்டுச்சு? சொன்னீங்கன்னா சரி பண்ணிடலாம். கடை முதலாளி நாளையிலேர்ந்து வராதேங்கிறாரு."

சந்தேகமே படாமல் கேட்டிருந்தான். மாஸ்டர் அதைப் படித்துவிட்டு, படித்த அடையாளம் அவனுக்குத் தெரிந்துவிடுமோ என்று போனையே அணைத்தார்.

அடுத்த வகுப்பில் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார். "மேடம், வைரஸ் பரப்பினா என்ன ஆகும்?"

"அது வேற சங்கதி. இதுவரைக்கும் நீங்க சொன்னது ரெண்டு பேருக்குள்ள தகராறு. வைரஸ்னா போலீஸ் வரும்."

"இல்லாத வைரஸைப் பரப்பினா?"

வக்கீலம்மா கிளட்சை மிதித்தார், பிரேக்கை மெதுவாக அழுத்தினார், ஓரமாக நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். இவ்வளவு சுத்தமாக அவர் வண்டியை நிறுத்தியதே இல்லை.

"மாஸ்டர், என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

சொன்னார். சொல்லும்போது தன் குரல் தனக்கே சின்னப் பையன் குரலாகக் கேட்டது.

"தவளைக்காரங்க உங்க மேல கேஸ் போட்டாலும் போடுவாங்க, விட்டாலும் விடுவாங்க. இந்தப் பையன் போட்டா நீங்க நிச்சயமா தோத்துருவீங்க."

"அவன் போடமாட்டான் மேடம்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார் வக்கீலம்மா. "அதனாலதான் இது இன்னும் அசிங்கமா இருக்கு."

மாஸ்டர் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் பிரதிகள் திரும்ப முளைக்கும், கெடுவுக்கு ஒரே நாள் பாக்கி, கேஸ் வரும், உரிமம் போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, அவருக்கு. பேசாமல் விட்டுவிடலாமா என்று மனைவியிடம் கேட்டார்.

"என்னைக் கேட்டா?" என்றாள் அவள். "ஊசின்னாலே பயப்படுறவங்க தினமும் எங்ககிட்ட வர்றாங்க. பயமா இருக்குன்னு பக்கத்துல நிக்கிறவன் கையை யாரும் நீட்டுறதில்லைங்க."

வேர்த்து விறுவிறுத்து, நாலு தடவை எழுதி அழித்து, கடைசியில் போட்டார்: "வைரஸ் எதுவும் இல்லை. நான் சொன்னது பொய். கேஸுக்குப் பயந்து சொன்னேன். சோடாமூடி எந்தத் தப்பும் செய்யவில்லை. தவளை அவர்களுடையது, கேட்காமல் எடுத்தது நான். திரும்பப் போடாதீர்கள். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது."

மதியம் முழுக்க வசவு. துரோகி, கோழை, கம்பெனியின் கைக்கூலி. ஒவ்வொன்றையும் படித்தார். சாயங்காலம் யாரோ ஒருவர், "விடுங்கடா, மனுஷன் நடுங்குறாரு" என்று எழுதினார். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் எழுதவில்லை. மாஸ்டர் இடம் இடமாகத் தேடிப் பார்த்தார். யாரும் திரும்பப் போடவில்லை. மாஸ்டர் எழுதியதை முதலாளியிடம் படித்துக் காட்டி சோடாமூடியும் கடைக்குத் திரும்பினான். முதலாளி முனகிக்கொண்டே சேர்த்துக்கொண்டாராம்.

கெடு முடிந்த மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரே வரி: "உங்கள் ஒத்துழைப்பைக் குறித்துக்கொண்டோம்."

"குறிச்சுக்கிட்டாங்கன்னா எங்க மேடம்? எதுல?"

"முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம் மாஸ்டர். கிளம்பலாமா?"

அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

அன்று மாலை சோடாமூடி எழுதினான். திட்டுவான் என்று எதிர்பார்த்துத்தான் திறந்தார். "அண்ணே, என்கிட்ட ஒரு பிரதி இருக்கு. வெளிய போடல, போடவும் மாட்டேன். உங்ககிட்டயே இல்லைன்னு சொன்னீங்கல்ல, அப்ப உலகத்துல இது ஒண்ணுதான். அழிக்கச் சொன்னா அழிச்சிடுறேன். நீங்கதான் சொல்லணும்."

பிரதிகள் அனைத்தும் என்றுதான் நோட்டீஸில் இருந்தது. பரணில் ஒளித்தவை, பையன்கள் ஆசையாக வைத்திருப்பவை என்றெல்லாம் அதில் விதிவிலக்கு இல்லை. மாஸ்டர் "அழிச்சிடு" என்று எழுதினார்.

அடுத்த நொடியே பதில் வந்தது. "அழிச்சிட்டேண்ணே."

அத்தனை பெரிய பொருளை அந்த நேரத்தில் அழிக்க முடியாது. அது இருக்கும் இடத்தைத் தேடித் திறக்கவே அதைவிட நேரமாகும். அது அவருக்குத் தெரியும். பொய்யாக இருந்தால் ஒருநாள் அது எங்காவது தலைகாட்டும், மறுபடி நோட்டீஸ் வரும். நினைத்ததுமே கால் தரையை அழுத்தியது. உண்மையாக இருந்தால், கேப்டன் மறுபடி கடலில்தான். அதை நினைத்தபோதும் அதே கால், அதே அழுத்தல்.

"யாருங்க?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு வார்த்தையை மறுபடி எடுத்துப் படித்தார்.