முதல் பாட்டுக்கு ஒரு பல்சக்கரம்

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காளியம்மன் திருவிழா கிராமபோன் பாட்டோடுதான் தொடங்கும். அந்த ஒரு பாட்டு நிற்காமல் ஓடி முடிந்த பிறகுதான் சவுண்டு செட்டுக்காரர் சுவிட்சைத் தொடலாம். முதல் பாட்டு வைக்கும் மரியாதை ஒரு ஜீப்பு டிரைவரின் குடும்பத்துக்கு உரியது. போன வருடம் அந்தப் பாட்டு பாதியில் இழுத்து, முனகி, நின்றுவிட்டது. இந்த வருடமும் நின்றால் மரியாதை சவுண்டு செட்டுக்காரருக்குப் போய்விடும் என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

இவ்வளவையும் அந்த டிரைவர் போடியில் என் வீட்டு வாசலில் நின்று ஒரே மூச்சில் சொன்னார். முதலில் கிராமபோன் பெட்டியை இறக்குங்கள் என்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு வெயில் ஆகாது, மலைக்காற்றும் ஆகாது. எதுதான் ஆகும் என்று மருத்துவருக்கும் தெரியவில்லை.

கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் இந்தப் பழைய கிராமபோன் மோட்டார்களைப் பழுது பார்க்கிறேன். இது நாற்பத்திரண்டாவது பெட்டி. எதையும் ஓடாமல் திருப்பி அனுப்பியதில்லை.

மோட்டாரை ஓட்டும் சுருள்வில் நன்றாக இருந்தது. நோய் இருந்த இடம், சுழலும் தட்டைத் தாங்கும் தண்டிலுள்ள பித்தளைப் பல்சக்கரம். வேகத்தை ஒரே சீராக வைக்கும் கவர்னரைச் சுழற்றுவது அதுதான். எழுபத்திரண்டு பற்கள்; அத்தனையும் மெலிந்திருந்தன. இடுக்குகளில் சாம்பல் நிறக் களிம்பு. விரலில் எடுத்துத் தேய்த்தேன். நறநறத்தது.

"இதுக்குள்ள என்ன போடுறீங்க?"

"ஒண்ணும் போடலையேய்யா. திருவிழாவுக்குத் திருவிழா விபூதி பூசுவோம், எங்கப்பா காலத்துல இருந்து. மோட்டார்லதான உசுரு இருக்கு, அதை விட்டுட்டு மூடியில பூசினா எப்படி?"

"எண்ணெயில விபூதி சேந்தா அரம் மாதிரி அறுக்கும்."

அவர் முகம் வாடியது. "சாமிக்குப் பூசினதா தேச்சுச்சு?"

"சாமி ஒண்ணும் செய்யல தம்பி, சாம்பல்தான் தேச்சுச்சு. ஆயுத பூசைக்கு ஜீப்பு எஞ்சினுக்குள்ளயா பூசுறீங்க?"

"பானெட்டு மேலதான்..." என்று தொடங்கியவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

புதுச் சக்கரம் வெட்டித்தர இங்கே ஆள் இல்லை. இருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன். பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு பல்லாகப் பார்த்தேன். கவர்னரைத் தள்ளும் பக்கம் மட்டுமே தேய்ந்திருந்தது. மறுபக்கத்தில் தேய்மானமே இல்லை. சக்கரத்தைக் கழற்றித் தலைகீழாகப் பூட்டினால் அந்தப் பக்கம் வேலைக்கு வரும். தடை ஒன்றுதான்: சக்கரத்தைத் தண்டோடு பிடித்திருந்த பழைய ஆணி. ஓர் அடி தவறினால் தண்டு வளையும், அதற்குப் பிறகு எதுவும் செய்ய முடியாது.

"வெரசா ஒரு போடு போடுங்கய்யா."

"வெரசா போட்டா நீங்க வெறும் பெட்டியத் தூக்கிட்டுப் போகணும்."

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெதுவாகத் தட்டினேன். ஒன்பதாவது தட்டில் ஆணி அசைந்தது. எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவினேன். கவர்னர் தண்டு ஆடிக்கொண்டிருந்த துளைக்கு உள்வளையமாகப் புதிய பித்தளைப் புஷ் ஒன்றைக் கடைந்து போட்டேன். சக்கரத்தைத் திருப்பிப் பூட்டி, தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று. அதில் எனக்கு வியப்பில்லை. டிரைவர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திருவிழாவுக்கு என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் என் முதுகு தனித்தனியாக வலித்தது. கோயில் முன்னால் பூசாரி விபூதித் தட்டோடு வந்ததும், டிரைவர் மூடியைச் சாத்திவிட்டு அதன் மேலே பூசச் சொன்னார். சவுண்டு செட்டுக்காரர் சுவிட்சுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், நின்னா சும்மா கையக் காட்டு. நம்ம பாட்டு ரெடியா இருக்கு."

டிரைவர் மூடியைத் திறந்தார். சாவி கொடுத்து முள்ளை வைத்தார். குழலிலிருந்து நாதஸ்வரம் எழுந்தது. போன வருடம் நின்ற இடம் வந்தபோது கூட்டம் மூச்சுவிடவில்லை. நான் மட்டும் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். பாட்டு அந்த இடத்தைக் கடந்து, வேகம் குறையாமல் ஓடி முடிந்தது.

சவுண்டு செட்டுக்காரர் எழுந்து வந்தார். "நல்லாத்தான்யா பாடுது. இன்னொண்ணு போடு மச்சான், கேப்போம்."

டிரைவர் முள்ளைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"ஒண்ணுதான் எங்க மொறை. அடுத்த வருசம் வந்து கேளு. இப்பப் போயி உன் சோலியப் பாரு."